பத்தாம் கட்டை கேட்டும் சின்ன ரயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கைப் ‘பத்தாம் கட்டை’ என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே சுவா சூ காங் சாலையைத் தண்டவாளம் குறுக்கே கடந்து சென்ற இடத்தில் ஒரு ரயில் கேட் இருந்தது. 1970-களில் அதன் அருகில்தான் நான் வளர்ந்தேன். என் தாத்தா தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் கேட்டை ஒரு பலகையின்மேல் சிறிய அளவில் செய்து முடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்வைக்கு வைத்தேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், தேக்கா சந்தையில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது பொம்மை ரயில்தானே? பெரியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் மட்டும் போதும். மாடல் ரயிலுக்கு ஓர் இடம் வேண்டும். ரயில் எங்கிருந்து வருகிறது, எந்தச் சாலையைக் கடக்கிறது, கேட் மூடியிருக்கும்போது யார் சைக்கிளோடு காத்திருக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் மாடல். எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் ஒரே விதி.

முதலில் எதை வாங்க வேண்டும்? ரயிலையா, பலகையையா?

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள். உங்கள் நினைவில் இருக்கும் ஒரே ஓர் இடத்தைப் பற்றி, ஒரே ஒரு பொழுதைப் பற்றி, நான்கு பக்கம் எழுதுங்கள். “நான் சிறுவயதில் ரயில் பார்த்தேன்” என்று எழுதினால் மாடல் பிறக்காது. “காலைப் பள்ளி முடிந்து ஒரு மணிக்கு வரும்போது கேட் மூடியிருக்கும்; பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பார்” என்று எழுதினால் வெயில் எந்தத் திசையிலிருந்து விழ வேண்டும் என்பதுவரை தெரிந்துவிடும்.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரயிலை முதலில் வாங்கியவர்கள் பலர் அந்த ரயிலுக்கு ஏற்ற இடத்தைத் தேடி அலைகிறார்கள். ஜப்பானியப் புல்லட் ரயில் கண்ணைப் பறிக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டு கம்பத்து (கிராமத்து) வாழைத்தோட்டத்தைப் பக்கத்தில் செய்ய முடியாது.

‘என்’ (N) அளவு, எச்ஓ (HO), ஓஓ (OO), டிடி (TT) என்று எதையெதையோ சொல்கிறார்கள். எதை எடுப்பது?

எல்லாம் விகிதத்தின் பெயர்கள். எச்ஓ என்றால் 1:87. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்காரர்களின் ஓஓ அதே தண்டவாளத்தில்தான் ஓடும், ஆனால் ரயில் சற்றுப் பெரியது, ஏறத்தாழ 1:76. டிடி என்பது 1:120. ‘என்’ அளவில் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். விகிதம் பொதுவாக 1:160, ஜப்பானியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1:150, பிரிட்டனில் 1:148.

கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி எச்ஓவில் 23 சென்டிமீட்டர், 1:150-இல் 13 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் எச்ஓவில் 19 மில்லிமீட்டர், 1:150-இல் 11 மில்லிமீட்டர். முகபாவம் வரைய வேண்டும் என்றால் எச்ஓ. மனிதரைச் சுற்றியிருக்கும் வெட்டவெளியும் வேண்டும் என்றால் ‘என்’. நான் ‘என்’ அளவைத்தான் எடுத்தேன். என் நினைவில் வானமும் லாலாங் புல்லும்தான் அதிகம், முகங்கள் குறைவு.

நாங்கள் இருப்பது மூன்றறை வீட்டில். சாப்பாட்டு மேசை வைக்கவே இடம் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். ரயில் வட்டமாகச் சுற்றத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். சுற்றுப்பாதைதான் இடத்தைத் தின்னும். ‘என்’ அளவில் சாதாரணமாகக் கிடைக்கும் 249 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுக்கே 60 சென்டிமீட்டர் அகலப் பலகை தேவை. எச்ஓவில் ஒரு முழு வட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம் வேண்டும்.

என் பலகை 120 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் நீளத்தில் கழற்றக்கூடிய மறைவுப் பெட்டிகள் உண்டு. ரயில் ஒரு பெட்டியிலிருந்து வெளியே வரும், கேட்டைக் கடக்கும், மறுபெட்டிக்குள் மறையும். நிஜத்திலும் கேட்டருகே நிற்பவருக்கு ரயில் அப்படித்தான் தெரிந்தது. ஓட்டாத நாட்களில் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில், பலகை அலமாரியின் மேல். பாம்ப் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) வைப்பதானால் தனியாக நிற்கும் அடுக்கில் வையுங்கள். அந்த அறையின் சுவர்களைத் துளைக்காதீர்கள், காற்றுத் துவாரங்களை மறைக்காதீர்கள்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை முழுப் பாதையையும் செய்ய வேண்டும் என்பது என் கனவு. எவ்வளவு இடம் வேண்டும்?

அந்தப் பாதை இன்று ரயில் பசுமைப் பாதையாக இருக்கிறது. நீளம் 24 கிலோமீட்டர். 1:150-இல் அது 160 மீட்டர். எந்தப் புளோக்கின் தாழ்வாரத்திலும் அடங்காது.

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள். அதைச் செய்ய நல்ல கைத்திறனும் பொறுமையும் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் புக்கிட் தீமா நிலையத்தைத்தான் சொல்வேன். சிறிய செங்கல் கட்டடம், பக்கத்தில் ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் இணைப்புப் பாதை, சற்றுத் தொலைவில் சாலைக்கு மேல் இரும்புப் பாலம். மூன்றும் இன்னும் நிற்கின்றன. அங்கே தண்டவாளத்தின் ஒரு பகுதியையும் அகற்றாமல் விட்டிருக்கிறார்கள். நேரில் போய் அளக்கலாம். ஒரு செங்கல்லை அளந்து, வரிசைகளை எண்ணிப் பெருக்கினால் சுவரின் உயரம் கிடைத்துவிடும்.

டேங்க் ரோடு பக்கம் ரயில் ஓடியதாகத் தாத்தா சொன்னார். அது உண்மையா?

உண்மை. 1903-இல் திறக்கப்பட்ட முதல் பாதை டேங்க் ரோட்டிலிருந்துதான் வடக்கே போனது. செட்டியார் கோயில் இருக்கும் அதே சாலை. 1932-இல் பாதையை மாற்றித் தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். தாத்தா நேரில் பார்த்தாரா, அவருடைய அப்பா சொல்லக் கேட்டாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மாடலின் ஆண்டு அதைப் பொறுத்தது.

கேடிஎம் (மலாயா ரயில்வே) ரயிலின் மாடல் கடையில் கிடைக்குமா?

ஜப்பானிய, ஐரோப்பிய ரயில்கள் கிடைப்பதுபோல அலமாரியிலிருந்து எடுத்துவர முடியாது. மலாயா ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர். 1:150-இல் அது 6.7 மில்லிமீட்டர் ஆக வேண்டும். நமக்குக் கிடைக்கும் ‘என்’ தண்டவாளமோ 9 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம்.

இதற்கு மூன்று வழிகள். முதல் வழி, ஜப்பானிய டீசல் எஞ்சின்களை வாங்கி வண்ணம் மாற்றுவது. ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை என்பதால் அந்த எஞ்சின்களின் உடற்கட்டு நம்முடையதற்கு நெருங்கி வரும். அகலத் தண்டவாளக் குறையை ஜல்லியும் புல்லும் ஓரளவு மறைக்கும். நான் செய்தது இதுதான். இரண்டாவது வழி, டிடி விகிதத்தில் எல்லாவற்றையும் செய்து 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுவது. 1:120-இல் மீட்டர் கேஜ் 8.3 மில்லிமீட்டர், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் உடற்பகுதிகளை நீங்களே அட்டையிலோ முப்பரிமாண அச்சிலோ செய்ய வேண்டும். மூன்றாவது, எச்ஓ விகிதத்தில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அழகாக இருக்கும், இடமும் பணமும் அதிகம். கைவேலையில் விருப்பம் உள்ளவருக்கு இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து. இன்று தொடங்கினால் நானும் அதைத்தான் செய்வேன்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எனக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. அதில் பாதிக்கு மேல் எஞ்சினுக்கும் மூன்று பெட்டிகளுக்கும் போனது. மரம், புல், மண், வீடு எல்லாம் சேர்த்து நூறு வெள்ளியைத் தாண்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் கட்டணத்தோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் வையுங்கள்.

ஜப்பானிலிருந்து வாங்கிய கன்ட்ரோலரை (ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை) நேரடியாகச் சுவரில் சொருகலாமா?

கூடாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட். நேரே சொருகினால் கருவி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி வேண்டும். அல்லது இங்கே விற்கும், பாதுகாப்புக் குறி உள்ள 12 வோல்ட் அடாப்டரோடு வேலை செய்யும் கன்ட்ரோலரை வாங்குங்கள். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான். பிள்ளைகள் தொட்டாலும் ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் சுவருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில்தான்.

டிஜிட்டல் கட்டுப்பாடு வேண்டுமா?

ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட வேண்டுமானால் வேண்டும். ஒரு கேட், ஒரு ரயில் என்றால் வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது? எங்கள் வீட்டில் ஓட்டினால் பந்தயக் கார் மாதிரி போகிறது.

வேகத்தையும் விகிதத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் ரயில் நொடிக்கு எட்டே கால் மீட்டர் நகரும். 1:150-இல் நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். என்னுடைய 120 சென்டிமீட்டர் பலகையை எஞ்சின் கடக்க 22 நொடி பிடிக்க வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்த்து ஓட்டிப் பழகுங்கள். ரயில் மெதுவாகப் போகும்போதுதான் பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

பலகை மூன்று மாதத்தில் வளைந்துவிட்டது. மரம் சரியில்லையா?

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். சிங்கப்பூர்க் காற்றில் எப்போதும் ஈரம். மரத்தூள் அட்டைப் பலகை அதை உறிஞ்சி ஊதிவிடும். 9 மில்லிமீட்டர் பிளைவுட் எடுங்கள். அடியில் குறுக்குச் சட்டம் அடியுங்கள். மேல், கீழ், நான்கு விளிம்பு என எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். பலர் மேல்பக்கம் மட்டும் பூசுகிறார்கள். ஒரு பக்கம் ஈரம் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால்தான் பலகை வளையும்.

செம்மண், லாலாங், வாழை இதெல்லாம் எப்படிச் செய்தீர்கள்? கடையில் விற்கும் புல் ஐரோப்பாப் புல்போல இருக்கிறதே.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். விற்பனைக்கு வரும் பச்சை பெரும்பாலும் குளிர்நாட்டுப் பச்சை. நம் ஊர்ப் பச்சையில் மஞ்சளும் பழுப்பும் கலந்திருக்கும். மழை பெய்த மறுநாள் கருமை ஏறும். புல்லை ஒட்டிய பிறகு மேலே மங்கலான மஞ்சள் வண்ணத்தைத் தெளித்தேன். மண்ணுக்கு உடைந்த பூந்தொட்டியை அம்மிக்கல்லில் இடித்துத் தேநீர் வடிகட்டியில் சலித்தேன். கடையில் வாங்கும் எந்தத் தூளும் அந்தச் சிவப்பைத் தரவில்லை.

லாலாங் இடுப்பளவு வளரும். 1:150-இல் அது ஏழு மில்லிமீட்டர். சணல் கயிற்றைப் பிரித்து, பச்சைச் சாயத்தில் நனைத்து, காய வைத்து, சிறு சிறு கற்றையாக நட்டேன். நுனியில் வெள்ளை வண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் பூத்த லாலாங். வாழைக்கு மெல்லிய கம்பியும் காகிதமும் போதும். இலையின் ஓரத்தை நகத்தால் கிழித்துவிட மறக்காதீர்கள். காற்றில் கிழியாத வாழையிலை தோட்டத்தில் ஏது?

காய்ந்த கோப்பித்தூளை மண்ணாகப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் போட்டேன், ஆறாவது வாரம் பூஞ்சை பூத்து, கேட்டுக்குக் கிழக்கே இருந்த பகுதி முழுவதையும் சுரண்டி எடுக்க நேர்ந்தது. நம் தட்பவெப்பத்தில் உணவுப் பொருள் எதையும் பலகையில் சேர்க்காதீர்கள். எறும்பும் வரும். ஜல்லி ஒட்ட வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. இரண்டு நாள் காயவிடுங்கள். மழைக்காலமானால் மூன்று நாள்.

ரயில் நின்று நின்று ஓடுகிறது. எஞ்சின் பழுதா?

பத்தில் ஒன்பது தடவை தண்டவாளம் அழுக்காக இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள், சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் அழுக்கு மேலும் சேரும். புகைமூட்டக் காலத்தில் பலகையைத் துணியால் மூடி வையுங்கள். பல்லி எச்சத்தையும் அன்றன்றே துடைத்துவிடுங்கள்.

பழைய படத்தைப் பார்த்தேன். என் நினைவில் இருப்பதுபோல் இல்லவே இல்லை. எதை நம்பிச் செய்வது?

என்னிடம் வந்த கேள்விகளில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். என் நினைவில் கேட் வீட்டுக்கூரை உயரம். படத்தில் பெரியவரின் நெஞ்சளவுகூட இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய மழைமரம் ஒன்று இருந்தது என்று நான் சத்தியமே செய்திருப்பேன். அக்கா, “அது பள்ளிக்கூட வாசலில் இருந்த மரம்” என்கிறார்.

நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன். தண்டவாளம், சாலை, கட்டடம், கேட் ஆகியவற்றின் அளவு ஆவணம் சொல்கிறபடி. மனிதர்கள், மரங்கள், வெளிச்சம், எது முன்னால் எது பின்னால் என்பதெல்லாம் நினைவு சொல்கிறபடி. அளவுகளை நினைவிடம் கேட்டால் தவறாகத்தான் சொல்லும், ஏனென்றால் அளந்தவன் ஏழு வயதுப் பிள்ளை. ஆனால் எந்த மரத்தடியில் தாத்தா உட்கார்ந்திருந்தார் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. மழைமரத்தை வைத்தேன். அக்கா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமியின் உருவத்தை வாங்கிவந்து அதன் அடியில் அவரே நிறுத்திவிட்டுப் போனார்.

படங்களுக்கும் வரைபடங்களுக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். அங்கே வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசும் இருக்கிறது. படம் எடுத்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1950-களின் எஞ்சினையும் 2000-களின் பெட்டியையும் ஒன்றாக இணைத்துவிடாமல் இருக்க அது உதவும்.

அப்பாவுக்கு 84 வயது. ரயில்வேயில் இருந்தவர். எதைக் கேட்டாலும் “எல்லாம் மறந்துபோச்சு” என்கிறார். எப்படிக் கேட்பது?

“என்ன ஞாபகம் இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். கையையும் காலையும் பற்றிக் கேளுங்கள். வேலைக்கு எந்தச் செருப்பு? சாப்பாடு எதில் கட்டிக்கொண்டு போனீர்கள்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? ரயில் வருவதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? முடிந்தால் புக்கிட் தீமா நிலையத்துக்கு அழைத்துப்போய், அங்கே மீதமிருக்கும் தண்டவாளத்தின் அருகில் சற்று நேரம் சும்மா நில்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம்.

என் அம்மா ரயிலைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்லிவந்தார். துணி துவைத்ததைப் பற்றிக் கேட்டேன். நீராவி எஞ்சின் காலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்து வெள்ளைத் துணிகளை மட்டும் கொடியிலிருந்து எடுத்துவிடுவாராம், கரித்தூள் படிந்துவிடும். தாத்தாவின் வேட்டியை ஒருநாள் எடுக்க மறந்து திட்டு வாங்கியதையும் சொன்னார். என் பலகையில் கொடி இருக்கிறது, அதில் நிறத்துணிகள் மட்டும் தொங்குகின்றன. கேட்பவர்களுக்கெல்லாம் அம்மாவே காரணத்தை விளக்குகிறார். இந்தக் கேள்விகளை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பலகையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

மாடலை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? மேசைமேல் வைத்தால் சரியாக இல்லையே.

மேசைமேல் வைத்தால் விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். நீங்கள் அந்த ரயிலை எங்கே நின்று பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை, தண்டவாள மேட்டுக்குக் கீழே. அப்படியானால் இன்றைய உங்கள் கண் தண்டவாளத்துக்குச் சற்று மேலே மட்டும் இருக்க வேண்டும். நான் பலகையைத் தரையிலிருந்து 140 சென்டிமீட்டரில் வைத்தேன். இரண்டு ஆண்டுகள் குனிந்து பார்த்துச் செய்த அதே கேட், அன்று முதல்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது. முன்பு சொன்ன நினைவுக்கும் படத்துக்கும் இடையிலான சண்டையில் பாதி இந்த உயரத்திலேயே தீர்ந்துவிட்டது. வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உறுதியான முக்காலி போடுங்கள்.

நிலைய அதிகாரி வளையத்தைத் தூக்கிக் கொடுப்பார், ஓட்டுநர் ஓடும் ரயிலிலிருந்து பிடித்துக்கொள்வார். அதை மாடலில் செய்ய முடியுமா?

அந்த வளையத்தின் பையில் இருந்தது சாவி வடிவ டோக்கன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடாமல் இருக்க, ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும்படி இரு நிலையக் கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. புக்கிட் தீமாவில் இது 2011 ஜூன் 30-ஆம் தேதி, கடைசி ரயில் போன நாள்வரை நடந்தது.

வளையம் 1:150-இல் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். மெல்லிய செம்புக் கம்பியை ஊசியில் சுற்றி எடுக்கலாம். நகரும்படி செய்வது மிகக் கடினம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒற்றைப் பாதையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சாவி சுவிட்ச் வையுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு சாவி. சாவியைச் சொருகித் திருப்பினால்தான் அந்தப் பக்கத்து ரயிலுக்கு மின்சாரம் போகும். மறுமுனையில் இருப்பவருக்கு ரயில் ஓட்ட வேண்டுமானால் சாவியை நீங்கள் எழுந்துபோய்க் கையில் கொடுக்க வேண்டும். நண்பர் வீட்டில் இப்படிச் செய்து கொடுத்தேன். அவருடைய பேரப்பிள்ளைகள் சாவியை ஒரு வளையத்தில் கட்டி ஓடிக்கொண்டே மாற்றிக்கொள்கிறார்கள்.

என் நினைவு இங்கே இல்லை. சின்ன வயதில் கப்பலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ரயிலில் ஊருக்குப் போவோம். பாம்பன் பாலம் செய்யலாமா?

தாராளமாக. ரஜூலா கப்பலில் போய் இறங்கிய தலைமுறைக்கு அந்த ரயிலும் குழந்தைப் பருவம்தான். அன்று நாகப்பட்டினம் பக்கமும் ராமேஸ்வரம் பக்கமும் ஓடியது மீட்டர் கேஜ். மலாயா ரயிலுக்கும் அதே அகலம். ஆகவே தண்டவாளத்தைப் பற்றி மேலே சொன்ன மூன்று வழிகளும் உங்களுக்கும் பொருந்தும்.

பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1:150-இல் கிட்டத்தட்ட 14 மீட்டர். முழுவதும் வேண்டாம். கப்பலுக்கு வழிவிட இரு கைகளாகத் தூக்கும் நடுப்பகுதியும், இருபுறமும் சில தூண்களும், மீதிக்குக் கடலும் போதும். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலேறும். உங்கள் நினைவு பழைய பாலத்தின் நினைவு. படம் பார்த்துச் செய்யும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்குக் கேடிஎம் தெரியாது. அவள் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) வேண்டும் என்கிறாள். அதுவும் சிறுவயது நினைவு ஆகுமா?

ஆகாமல் என்ன? எம்ஆர்டி 1987 நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையில் ஓடத் தொடங்கியது. அன்று கூட்டத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செய்வதற்கும் இது சில வகையில் எளிது. தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம். எச்ஓ, ‘என்’ இரண்டிலும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். வடக்கு-தெற்குப் பாதையில் மின்சாரம் பக்கத்திலிருக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வருகிறது. தலைக்குமேல் கம்பி கட்டும் வேலை இல்லை. ஆறு பெட்டிகள் சேர்ந்து 138 மீட்டர், 1:150-இல் 92 சென்டிமீட்டர் என்பதுதான் சிக்கல். மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயர்பாதையையும், அதற்கு அருகில் ஒரு புளோக்கின் நான்கு மாடிகளையும், சன்னலில் ஒரு பிள்ளையையும் வைத்தால் இடம் வந்துவிடும்.

கேட்டருகே ஒரு சாமி மேடை இருந்தது. அதைப் பொம்மையாகச் செய்வது சரியா?

ரயில்வே வேலையும் கோயிலும் இங்கே சேர்ந்தே வளர்ந்தவை. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலே குவீன்ஸ்வே பக்கம் இருந்த ரயில்வே ஊழியர்கள் 1932-இல் தொடங்கியதுதான். அதை விட்டுவிட்டு ஒரு தமிழ்க் குடும்பத்தின் ரயில் நினைவைச் செய்தால் ஏதோ ஒன்று குறையும்.

அம்மாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். சாமி உருவத்தைச் செய்யவில்லை. மரத்தடியில் ஒரு மேடை, மரத்தில் ஒரு சிவப்புத் துணி, மேடைமேல் அரிசி அளவு மஞ்சள் விளக்கு. பலகையில் அந்தப் பக்கம் எதையும் கவிழ்த்து வைப்பதில்லை. உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம். வீட்டுப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் தாத்தா சயாம் சடக்கிலிருந்து தப்பி வந்தவர். அதை மாடலாகச் செய்யலாமா?

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்ட சயாம்-பர்மா ரயில் பாதை அது. 1942-க்கும் 1943-க்கும் இடையில், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, 415 கிலோமீட்டர், மனிதக் கையால் போடப்பட்டது. அதுவும் மீட்டர் கேஜ்தான்.

செய்யலாம், ஆனால் அதில் ரயில் ஓடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பொத்தானை அழுத்தியதும் ரயில் ஓடினால் பார்ப்பவர் கைதட்டுவார். அந்த இடத்தில் கைதட்டு எழக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு நான் உதவியபோது இப்படிச் செய்தோம்: ஓரடி நீளம், மழையில் நனைந்த மண்மேடு, இன்னும் தண்டவாளம் ஏறாத ஸ்லீப்பர் கட்டைகள், ஓலைக் கொட்டகை, அதன் வாசலில் ஒரு தகரக் குவளை. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. தாத்தாவின் பெயரும் அவருடைய ஊரும் ஒரு சிறிய தகட்டில். வரவேற்பறையில் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். பூசையறைக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

வீடு மாறப் போகிறோம். இதை எப்படிக் கொண்டுபோவது?

தொடங்கும்போதே இதை யோசித்தவர்கள் குறைவு. பலகையின் எந்தத் துண்டும் 120 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மின்தூக்கியிலும் டாக்சியின் பின்னிருக்கையிலும் அடங்கும். துண்டுகளை இணைக்க போல்ட் போடுங்கள், பசை வேண்டாம். மரங்களை ஒட்டாமல் துளையில் சொருகுங்கள். கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிவிடலாம். எஞ்சினையும் பெட்டிகளையும் அவை வந்த அட்டைப் பெட்டிகளில் வைத்து, லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, பலகையின் அடிப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது, விளக்கு எத்தனை வோல்ட், எந்த மரம் எந்தத் துளையில். நான் அதற்குக் கீழேயே இன்னொரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: மரத்தடியில் இருப்பவர் தாத்தா, குடை பிடித்திருப்பவர் பாட்டி, கொடியில் ஏன் வெள்ளைத் துணி இல்லை, பள்ளிக்கூடப் பையோடு நிற்கும் சிறுமி யார்.